நடுத்தட்டில் வைத்த குடம்

எங்கள் வீட்டில் ஒரு சாமான் வேண்டுமென்றால் என் நாத்தனாரைக் கேட்க வேண்டும். நான் மருமகளாகக் காலெடுத்து வைத்த நாளிலிருந்து எட்டு வருஷம் இப்படித்தான். ஊசி வேண்டுமா, அவளைக் கேள். பெருங்காயம் வேண்டுமா, அவளைக் கேள். என் புருஷனின் பட்டு வேட்டி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். வீடு முழுக்க மரப்பெட்டி, தகரப்பெட்டி, ஓலைக்கூடை, உறி, சுவரில் மாடம், பரணில் பானை. எதில் எது இருக்கிறது என்பது அவள் தலைக்குள் மட்டும் இருந்தது.

அவள் என் வீட்டுக்காரருக்கு மூத்தவள். கல்யாணமான நாலாம் வருஷம் புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். நேரில் நான் அவளை 'அண்ணி' என்றுதான் கூப்பிடுவேன். 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். மனசுக்குள் எப்போதும் 'அவள்'தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மரியாதை போட்டு எழுதினால் இது பொய்யாகிவிடும்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். ஒரு நாள்கூட என்னை ஒரு சொல் சொன்னதில்லை. கேட்டதை எடுத்துக் கொடுப்பாள், "இந்தாம்மா" என்பாள், போய்விடுவாள். அந்த "இந்தாம்மா" எனக்கு உடம்பெல்லாம் எரியும். என் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். எட்டு வருஷத்தில் ஒரு நாளாவது என்னை முதலில் கூப்பிட்டிருப்பாரா என்றால் இல்லை. மாமியார் இல்லாத வீடு என்று சந்தோஷப்பட்டுத்தான் என் அம்மா என்னை அரியலூரிலிருந்து உடையார்பாளையம் பக்கம் கட்டிக் கொடுத்தாள். வந்து பார்த்தால் மாமியாருக்கு மேல் ஒருத்தி இருந்தாள்.

கூடத்தின் மேற்குப் பக்கம் ஒரு சின்ன அறை. முன்பு நெல் கொட்டி வைத்த அறை, வாசல் அடுப்பங்கரைப் பக்கம். அதற்கு வெளிப்பக்கம் ஜன்னல் கிடையாது. காற்றுக்காகக் கூடத்துச் சுவரில் மட்டும் மரக்கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். அவளும் அவள் மகளும் அந்த அறையில்தான் இருந்தார்கள். வீட்டில் காதுகுத்தோ நிச்சயதார்த்தமோ எது நடந்தாலும் தாலியறுத்தவள் எதிரே வரக்கூடாது. பெற்ற பிள்ளையின் விசேஷமாக இருந்தாலும் அப்படித்தான். அவள் விடியற்காலையிலேயே எல்லா வேலையையும் முடித்துவிட்டு, மேளச் சத்தம் கேட்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். முக்காலி போட்டு உட்கார்ந்தால் முகம் சரியாக ஜன்னலுக்கு வரும். அங்கிருந்து எல்லாவற்றையும் பார்ப்பாள். ஊரார் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள்.

என் வளைகாப்பையும் அப்படித்தான் பார்த்தாள். நான் நிமிர்ந்தபோது கம்பிகளுக்கு நடுவில் அவள் கண் இரண்டும் என் மேலேயே இருந்தன. பிரசவத்துக்கு அரியலூர் போனேன். குழந்தை செத்துப் பிறந்தது. "அந்த ஜன்னல் கண்ணுதான்டி" என்றாள் என் அம்மா. நான் நம்பினேன். நம்புவதற்கு வசதியாக இருந்தது. சேதி கேட்டு அரியலூருக்கு ஓடி வந்து, பால் கட்டி வலித்த என் மார்பில் பால் வற்ற மல்லிகைப் பூவை வைத்துக் கட்டியவளும் அவள்தான். அது எனக்கு அப்போது கணக்கில் வரவில்லை.

யுத்தம் முடிந்த சமயம். பொன்மலை ரயில்வேயில் வேலை பார்த்த என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் ஒரு நாள் எங்களைத் தன் துரையின் பங்களாவுக்குக் கூட்டிப் போனார். அங்கேதான் அதைப் பார்த்தேன். ஒரு சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே அலமாரி. தட்டுகள், இழுப்பறைகள், தள்ளினால் நகர்கிற கண்ணாடிக் கதவுகள். ஒரு பூ வேலை கிடையாது, ஒரு வளைவு கிடையாது. எல்லாம் நேர்கோடு. துரைசாணி எழுந்திருக்காமலே, "மூன்றாவது தட்டு, இடது பக்கம்" என்கிற மாதிரி கையைக் காட்டினாள். வேலைக்காரன் போய் எடுத்து வந்தான். யாரையும் அவள் கேட்கவில்லை. இது ஒன்று என் வீட்டில் இருந்தால் நான் ஜென்மத்துக்கும் யாரையும் எதையும் கேட்க வேண்டாம்.

அதே பயணத்தில்தான் அவள் மகளுக்கு வரனும் அமைந்தது. மாப்பிள்ளை அண்ணனோடு வேலை செய்பவர், நல்ல பிள்ளை. எங்களில் மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம் நடத்துவதுதான் வழக்கம். இந்தப் பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லை, சொந்த வீடு இல்லை. அதனால் எங்கள் வீட்டிலேயே தாலி கட்டுவது என்று முடிவாயிற்று. ரேஷன் காலம், நிறையப் பேரைக் கூப்பிட்டுச் சோறு போடக்கூடாது. பந்தல் வேண்டாம், கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் என் வீட்டுக்காரர்.

இதைக் கேட்டு அவள் பட்ட சந்தோஷம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்ள வூட்டுல நடந்தா நான் எங்கம்மா போயிப் பாக்கறது? வாசப்படிகூட மிதிக்க முடியாது. சாமி புண்ணியத்துல நம்ம கூடத்துலயே நடக்கப் போவுது. ஜன்னல்லேருந்து எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறுறத பாத்துடுவேன். அது போதும் எனக்கு."

நான் "ஆமாங்க அண்ணி" என்றேன். அந்த வாரத்துக்குள் அலமாரிக்கு எந்தச் சுவர் என்று முடிவு செய்துவிட்டேன்.

இதை நான் அறியாமல் செய்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம். படிக்கிறவர்களும் நம்புவார்கள். ஆனால் கூடத்துக்குக் கிழக்கிலும் ஒரு சுவர் இருந்தது. கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது, சாமி படம் மாட்டிய வெறும் சுவர். அலமாரிக்கென்றே கட்டின மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார்.

"கெழக்குச் சுவத்துல வச்சிக்கயேன் புள்ள. இங்க வச்சா அக்கா ஜன்னலு மறைஞ்சி போவுமே."

"கெழக்குச் சுவத்துல ஈரம் ஏறுதுங்க. மரம் உளுத்துப் போயிடும்" என்றேன்.

ஈரம் ஏறவில்லை. நாலு நாள், யாரும் பார்க்காத நேரத்தில், சொம்பு சொம்பாகத் தண்ணீரை அந்தச் சுவரடியில் ஊற்றினேன். ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரர் குனிந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா, ஈரமாத்தான் இருக்கு" என்றார். அக்காவிடம் போய்ச் சொன்னதும் அவரேதான்.

"மரம் கெட்டுடக் கூடாது தம்பி. எனக்கென்ன, ஜன்னலு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்றாள் அவள். அப்புறம், "கல்யாணத்தன்னிக்கி மட்டும்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். என் வீட்டுக்காரர் மிச்சத்தைக் கேட்கவில்லை. நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் மிச்சம் தேவைப்படவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவள். கட்டம் போட்ட தாளை வாங்கி, அடிக்கோல் வைத்து அலமாரியை நானே வரைந்தேன். பதினோரு அடி நீளம், ஏழு அடி உயரம். மேலே கண்ணாடிக் கதவு, நடுவில் திறந்த தட்டு, கீழே பூட்டு வைத்த இழுப்பறைகள். ரேடியோவுக்கு ஓர் இடம். எங்கள் ஊரில் கரண்டே வரவில்லை, ரேடியோவை நாங்கள் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஆனாலும் துரைசாணி வீட்டில் அந்த இடம் இருந்தது; எனக்கும் வேண்டியிருந்தது. ஒவ்வொரு தட்டிலும் என்ன வைப்பது என்று பென்சிலால் எழுதினேன். அந்த மூன்று வாரம்போல நான் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்ததில்லை.

அரும்பாவூர் ஆசாரி ஒருவர் வந்தார். கோயில்களுக்குச் சாமி வாகனம் செய்கிறவர். எங்கள் ஊர்க் கோயில் குதிரை வாகனம் அவர் கை வேலைதான். நன்றாகக் காய்ந்த வாகைப் பலகைகளை வண்டியில் ஏற்றி வந்திருந்தார். என் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பூ கூட இல்லீங்களாம்மா? ஓரத்துல ஒரு யாளி?"

"ஒண்ணும் வேணாம். வழவழன்னு இருக்கணும்."

"மொட்டையடிச்ச தலையாட்டம் இருக்குமேம்மா."

"இருக்கட்டும். எனக்கு அதான் வேணும்."

அப்புறம் அவர் சுவரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "இது மறைஞ்சி போவுமேங்க. யாரு இருக்கறாங்க உள்ள?"

"நெல்லு போடற அறை" என்றேன்.

"அப்ப முதுகுப் பலகை எதுக்குங்க? சுவரே முதுகா இருக்கட்டும். பலகையும் மிச்சம், ஜன்னல் காத்தும் வரும்."

"முதுகுப் பலகை வேணும். தூசி வரும்" என்று சொன்னேன். அவர் கொல்லையில் கொட்டகை போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். ஒரு மாசம் வீடு முழுக்க இழைப்புளிச் சத்தமும் வாகை மரத்தூள் வாசனையுமாக இருந்தது. அவருக்கு அங்குலம் பழக்கமில்லை. என் அடிக்கோலை வாங்கித் தன் முழக்கோலில் கோடு கீறிக்கொண்டார். ஆணி அடிக்கமாட்டேன் என்றார். பலகைக்குப் பலகை பல் வெட்டிக் கோத்தார். வேலை தெரிந்தவர், அதில் குறை சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் முந்திரித் தோப்புகள் அதிகம். கரையான் ஏறாமலிருக்க மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவார்கள். கையில் பட்டால் நெருப்பு மாதிரி கொப்பளிக்கும். முதுகுப் பலகைகளுக்கு அந்த எண்ணெயைத் தடவ வேண்டியிருந்தது. கூலிக்கு ஆள் இருந்தது. நான் அவளைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, நீங்கதான் பதமா தடவுவீங்க."

அவள் கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு நாள் தடவினாள். தன் ஜன்னலை அடைக்கப் போகிற பலகைகளைத் தன் கையாலேயே ஒரு இடுக்கு விடாமல் தடவினாள். துணியைத் தாண்டி எண்ணெய் இறங்கி விரலெல்லாம் கொப்பளித்தது. அந்தக் கையோடுதான் ஆசாரிக்குத் தினமும் மத்தியானம் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றாம் நாள் நான் கொல்லைப்பக்கம் போனபோது அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். ஆசாரி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அலமாரியைக் கூடத்தில் நிறுத்தி முடித்த அன்று ஆசாரி ஈரவேட்டியோடு வந்து நின்றார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

"கண்ணு தெறக்கணுங்க. எல்லாரும் ஒரு நாழி வெளியில இருக்கணும்."

வாகனம் செய்து முடித்ததும் கடைசியில்தான் அதற்குக் கண் திறப்பார்கள். விரதமிருந்து, சுற்றித் துணி கட்டி, யாரும் பார்க்காமல் உளியை வைப்பார்கள். எங்கள் கோயில் குதிரைக்கும் அப்படித்தான் செய்தார், ஊரே வெளியில் நின்றது.

"அலமாரிக்கு எதுக்கு ஆசாரியாரே கண்ணு?" என்றேன்.

"எங்க கையால எது செஞ்சாலும் உண்டுங்கம்மா. கண்ணு தெறக்காத மரத்த வூட்டுல வச்சா வெளங்காது."

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. எட்டாவது படித்தவள், அடிக்கோல் பிடித்தவள், துரை பங்களாவைப் பார்த்தவள், ஒரு அலமாரிக்குக் கண் திறக்க வாயை மூடிக்கொண்டு வெளியில் போய் நின்றேன். என் வீட்டுக்காரர் தேங்காய் வேறு எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிக்கொண்டு ஆசாரி ஏதோ தட்டினார், அறுத்தார், அரம் போட்டார். துணியை அவிழ்த்தபோது அலமாரி முன்பு இருந்த மாதிரியேதான் இருந்தது. கற்பூரம் காட்டினோம். ஆசாரி எனக்கு ஒரு கும்பிடு போட்டார். அடுப்பங்கரை வாசலில் நின்ற அவளுக்கு இன்னொரு கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடு கொஞ்சம் நீளமாக இருந்தது.

மறுநாள் பெட்டிகளையெல்லாம் கூடத்துக்கு இழுத்துப் போட்டோம். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, இது இன்னது, இது இன்னாருடையது, இது இன்ன மாசம்தான் வேண்டும் என்று சொல்லச் சொல்ல நான் தட்டில் அடுக்கினேன். எட்டு வருஷமாக நான் கேட்டுக் கேட்டு நின்ற சாமானெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நின்றது. சாயங்காலத்துக்குள் அவள் தலைக்குள் இருந்ததெல்லாம் என் அலமாரிக்குள் வந்துவிட்டது. சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து, "அக்கா" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "இந்தா புள்ள, என் மேல்துண்டு எங்க?" என்றார். அவள் அந்தப் பக்கமாக வந்தவள், வெறும் கையோடு திரும்பிப் போனாள். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு நாள் கூடத்தில் தனியாக நின்று என் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்து விளக்கை இன்னும் ஏற்றவில்லை. அவள் அறையில் ஏற்றிவிட்டாள். நடுத்தட்டின் முதுகுப் பலகையில், உள்ளங்கையகலத்துக்கு, மயிரிழை மாதிரி ஒரு சதுர வெளிச்சம். கிட்டே போய் விரலால் தடவினேன். பலகையைச் சதுரமாக அறுத்து, அதே துண்டைத் திரும்ப அதிலேயே பொருத்தியிருந்தது. ஜன்னல் பக்கத்திலிருந்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அவள் இரண்டு வாரமாக அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம், "நடுத்தட்டுல ஒண்ணும் வைக்க வேணாம்மா, பலகை லேசா ஆடுது" என்று சொன்னது எதற்கென்று புரிந்தது.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? என் அலமாரியில், நான் வரைந்த கோட்டில், எனக்குத் தெரியாமல் ஓர் ஓட்டை. ஆசாரியைத் தேங்காய் உடைத்து அனுப்பியதை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தேன். அவளிடம் போய்ச் சண்டை போட்டிருந்தால் விஷயம் வெளியே தெரிந்திருக்கும், என் வீட்டுக்காரர் அக்கா பக்கம் பேசியிருப்பார், ஓட்டை நிலைத்திருக்கும். அதனால்தான் நான் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

மகள் பிறந்ததிலிருந்து அவள் சேர்த்து வைத்த சீர்ப்பாத்திரங்கள் இருந்தன. அதில் ஒரு பித்தளைக் குடம், கும்பகோணத்துப் பாத்திரம், அவளே புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தங்கம் மாதிரி வைத்திருந்தாள். கல்யாணத்தில் சீரைப் பார்வைக்கு வைப்பது வழக்கம்தானே. முதல் நாள் ராத்திரியே மணவறை போட்டுக் கோலம் போட்டுவிட்டதால் அவள் கூடத்துக்குள் வரவில்லை. விடிந்ததும் நான் சீர்ப்பாத்திரங்களை அலமாரியில் அடுக்கினேன். குடத்தை நடுத்தட்டில், அந்தச் சதுரத்துக்கு நேரே வைத்தேன். வந்தவர்களெல்லாம் நல்ல ஜோடனை என்றார்கள்.

நாதஸ்வரம் ஆரம்பித்ததும் அறைக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் அலமாரியை ஒட்டி நின்றேன். அங்கேதான் நிற்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். பெண் மணவறைக்கு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பலகைக்குப் பின்னால் மரம் உரசுகிற சத்தம், எலி சுரண்டுகிற அளவுக்கு. துண்டை இழுத்துவிட்டாள் என்று தெரிந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. வெளிச்சம் வரவேண்டிய இடத்தில் பித்தளையைப் பார்த்திருப்பாள். தான் தேய்த்த குடம்தான் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"கெட்டி மேளம்" என்று யாரோ கத்தினார்கள். அப்போது குடம் அசைந்தது.

ஒரு விரல் தள்ளுகிற பலம்தான் இருக்கும். அரை விரற்கடை நகர்ந்தது. இன்னொரு அரை விரற்கடை நகர்ந்தால் ஓரத்தில் ஓர் இடுக்கு கிடைத்துவிடும், அவளுக்கு அது போதும். நான் திரும்பி நின்று இரண்டு கையையும் குடத்தின் வயிற்றில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உள்ளிருந்து தள்ளினாள். நான் பிடித்தேன். மறுபடி தள்ளினாள். என் முதுகுக்குப் பின்னால் மேளமும் குலவையும் காதை அடைத்தது. என் தலைமேல்கூட அட்சதை விழுந்தது. தள்ளுவது நின்ற பிறகும் நான் கையை எடுக்கவில்லை. மேளம் அடங்கிய பிறகுதான் எடுத்தேன். பித்தளையில் என் பத்து விரலும் பதிந்திருந்தது.

சாயங்காலம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அரியலூர் ஸ்டேஷனுக்கு அனுப்ப வண்டி கட்டினார்கள். சீரையெல்லாம் ஏற்றினோம். குடத்தை எடுக்கப் போனபோது பெண் என்னைத் தடுத்தாள்.

"அது இங்கயே இருக்கட்டும் அத்தை."

"ஏண்டி, ஒங்கம்மா ஒனக்காக ஆசையா சேத்ததுல்ல?"

"இருக்கட்டும். ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். முகம் வீங்கியிருந்தது. புகுந்த வீடு போகிற பெண் அழத்தானே செய்வாள் என்று நினைத்துக்கொண்டேன். அலமாரிக்கு அந்தக் குடம் எடுப்பாகத்தான் இருந்தது.

வண்டி போன பிறகு அவள் அறையை விட்டு வெளியே வந்தாள். நான் கூடத்தில் இலை பொறுக்கிக்கொண்டிருந்தேன். நேராக என்னிடம் வந்தாள். இப்போது வெடிக்கப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்: சீரைப் பார்வைக்கு வைத்தேன், விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டேன், அதில் என்ன குற்றம்? அவள் அதைக் கேட்கவே இல்லை.

"நீதானேம்மா கிட்ட நின்ன. தாலி ஏறுறப்ப புள்ள அழுதாளா?"

எனக்குத் தெரியாது. நான் குடத்தைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். அந்தத் தாலி ஏறியதை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவளை எதனாலாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அம்மா பக்கத்தில் இல்லை என்கிற நினைப்பே அவள் மகளுக்கு இல்லை என்று தோன்றும்படி ஒன்று சொல்ல வேண்டும் என்று தேடினேன்.

"அழுவறதா? சிரிச்ச மொகமா இருந்தா. ஒங்களத் தேடவே இல்ல" என்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அவள் முகம் மலர்ந்தது. "சிரிச்சாளா? சிரிச்சாளாம்மா? அது போதும்மா, அது போதும்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கையிலிருந்த இலைகளை வாங்கித் தானே கொண்டுபோய் வெளியில் போட்டாள். நான் காயப்படுத்தச் சொன்னதை அவள் வரம் மாதிரி வாங்கிக்கொண்டுவிட்டாள். அதற்குப் பிறகு வந்தவர் போனவரிடமெல்லாம் அதைத்தான் சொன்னாள். "எம் பொண்ணு சிரிச்சிக்கிட்டே தாலி வாங்கிக்கிட்டா. தம்பி பொண்டாட்டி கிட்ட நின்னு பாத்தா, அவளே சொன்னா."

தலைதீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். எண்ணெய்க் குளியல் முடிந்து, பெண் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகளுக்குத் தலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். நான் பட்டாசுக்கட்டை எடுக்க அலமாரிக்குச் சாவி போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்க வேண்டும் என்றே அவள் சத்தமாகச் சொன்னாள்.

"தாலி ஏறுறப்ப நீ சிரிச்சியாமேடி. அத்தை சொன்னா. நான்தான் பாக்கக் குடுத்து வைக்கல. கேட்டதே எனக்கு வயிறு நெறஞ்சி போச்சு."

சாவி என் கையில் நின்றுவிட்டது. பெண் தலையை நிமிர்த்தினாள். அவள் பார்வை முதலில் நடுத்தட்டுக் குடத்தின் மேல் போயிற்று, அங்கிருந்து என் கைக்கு வந்தது, அப்புறம் என் முகத்துக்கு. மணவறைக்கு நேர் எதிரே இருந்தது என் அலமாரி. தாலி கட்டும்போது அம்மா எந்த இடத்திலிருந்து பார்ப்பாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் அந்த இடத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். குடத்தை நான் பிடித்ததையும், இரண்டு கையால் பிடித்ததையும், மேளம் அடங்கும் வரை விடாததையும் அந்தக் கூட்டத்தில் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். நான் அந்த வார்த்தைக்காகக் காத்து நின்றேன். அது வந்திருந்தால் இன்று இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

"ஆமாம்மா, சிரிச்சேன்" என்றாள். "நல்லா சிரிச்சேன். அத்தைதான் பாத்துக்கிட்டு நின்னாங்க."

அவள் அம்மா சிரித்துக்கொண்டே சிக்கெடுக்கத் தொடங்கினாள். பெண் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் திரும்பி அலமாரியைத் திறந்து பட்டாசுக்கட்டை எடுத்தேன். அவர்கள் ஊருக்குப் போன மறுநாள் குடத்தை நடுத்தட்டிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன். அன்று சாயங்காலம் அவள் அறையில் விளக்கு ஏற்றினாள். சதுரத்திலிருந்து வெளிச்சம் கூடத்தில் விழுமென்று நின்று பார்த்தேன். விழவில்லை. உள்ளே போய்ப் பார்த்தபோது, அவள் மரத்துண்டைத் தன் பக்கத்திலிருந்து பொருத்தி, சுற்றிலும் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருந்தாள்.

"இனிமே எனக்கு என்னம்மா பாக்கறதுக்கு இருக்கு? தூசி வருமேன்னு அடைச்சிட்டேன்" என்றாள்.